உறைந்த மண்ணை எரிமலை உடைத்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலாஸ்காவிலிருந்து ரஷ்யாவை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்துண்டு சூவர்டு தீபகற்பம். அதன் வடகரையில், ஆர்க்டிக் வட்டத்தை ஏறக்குறைய தொட்டபடி, எஸ்பென்பர்க் என்ற இடத்துக்கு அருகே சில பெரிய ஏரிகள் கிடக்கின்றன. சுற்றிலும் உயர்ந்த மலை இல்லை, புகை இல்லை. தட்டையான துந்திரச் சமவெளிதான், அதாவது மரமில்லாத குளிர்ச் சமவெளி. ஆனால் அந்த ஏரிகள் ஒவ்வொன்றும் ஓர் எரிமலை வாய். அதிலும் அவற்றின் வகையில் உலகிலேயே பெரியவை. இவ்வளவு பெரிதாவதற்கு மண்ணுக்குள் இருந்த பனிக்கட்டி உதவியது என்று நிலவியலாளர்கள் சொல்லும்போது, கேட்பவர் முதலில் நம்புவதில்லை. நெருப்பை அணைக்க வேண்டிய பனி எப்படி நெருப்புக்குத் துணை போகும்? இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி அந்த ஒரு சந்தேகத்தைச் சுற்றித்தான்.

எரிமலை என்றால் மலையாகத்தானே இருக்க வேண்டும்? பள்ளம் மட்டும் எப்படி?

பாறைக்குழம்பு அமைதியாக வழிந்து, அடுக்கடுக்காக இறுகினால் மலை வளரும். நாம் படத்தில் பார்த்துப் பழகியது அதைத்தான். ஆனால் மேலே ஏறி வரும் குழம்பு நிலத்தடி நீரில் போய் முட்டினால் கதை மாறிவிடும். நீர் ஒரே நொடியில் நீராவியாகி வெடிக்கும். வெடிப்பு சுற்றியுள்ள பாறையையும் மண்ணையும் தூக்கி எறியும். மிஞ்சுவது தரைமட்டத்துக்குக் கீழே இறங்கிய ஓர் அகன்ற குழி. குழியைச் சுற்றி, வெளியே வீசப்பட்ட சாம்பலும் கல்லும் சேர்ந்த தாழ்ந்த வரப்பு. பிறகு குழியில் நீர் தேங்கி வட்டமான ஏரியாகிவிடும்.

இந்த வகைக்கு நிலவியலில் 'மார்' என்று பெயர். ஜெர்மனியின் ஐஃபெல் பகுதி மக்கள் தங்கள் ஊர் வட்ட ஏரிகளை அப்படித்தான் அழைத்தார்கள். அந்த ஊர்ச்சொல்லே உலகம் முழுக்கப் போய்விட்டது. தமிழில் எழுதும்போது மாரடைப்பு நினைவுக்கு வந்து தொலைக்கும், என்ன செய்வது. இங்கே 'மார் பள்ளம்' என்றே எழுதுகிறேன்.

உறைந்த மண் என்பதும் பனிப்பாறை என்பதும் ஒன்றா?

இல்லை. இந்தக் குழப்பம் தீராவிட்டால் மேற்கொண்டு எதுவும் புரியாது. பனிப்பாறை என்பது தரைக்கு மேலே குவிந்து கிடக்கும் பனிக்கட்டி. ஐஸ்லாந்தில் 2010-ல் வெடித்து ஐரோப்பிய விமானங்களை நிறுத்திவைத்த எய்யாஃபியட்லயோகுட் அப்படிப் பனிப்பாறை மூடிய எரிமலை. நாம் பேசப்போவது அதுவல்ல. நிரந்தர உறைநிலம் என்பது மண்ணே உறைந்து கிடப்பது. பெர்மாஃப்ராஸ்ட் என்று செய்திகளில் வருமே, அதுதான். தொடர்ந்து 2 ஆண்டுகளாவது 0 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாத நிலம் எதுவானாலும் இந்தக் கணக்கில் சேரும். வெயில் காலத்தில் மேலே ஓர் அடி, இரண்டு அடி இளகிச் சேறாகும். அதற்குக் கீழே வருடம் முழுக்கக் கல்.

'கல்' என்று சும்மா சொல்லவில்லை. மணலும் வண்டலும் பனிக்கட்டியால் ஒட்டப்பட்டால் கான்கிரீட் மாதிரி இறுகிவிடும். மண் துகள்களுக்கு இடையே மட்டுமல்ல, ஆப்புப் போலச் செங்குத்தாக இறங்கிய தனிப் பனிக்கட்டிகளும் அதில் உண்டு. சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் சில வண்டல் நிலங்களின் பருமனில் பாதிக்கு மேல் வெறும் பனிக்கட்டிதான். சைபீரியாவில் சில இடங்களில் இந்த உறைவு 1,000 மீட்டரையும் தாண்டி இறங்கும். எஸ்பென்பர்க் பக்கத்தில் சுமார் 100 மீட்டர்.

இன்னொன்று: கடைசிப் பனியூழியின், அதாவது பூமியின் பெரும்பகுதி உறைந்து கிடந்த காலத்தின், உச்சத்திலும் இந்தச் சமவெளியைப் பனிப்பாறை மூடவில்லை. கடும் குளிர், ஆனால் வறட்சி. பனிப்பாறையாகக் குவியும் அளவுக்குப் பனி பொழியவில்லை. ஆகவே அங்கே வெடித்தவை பனிப்பாறைக்கு அடியில் வெடித்த எரிமலைகள் அல்ல. மண்ணுக்குள் இருந்த பனியோடுதான் அவை மோதின.

நீரும் பாறைக்குழம்பும் சேர்ந்தால் ஏன் வெடிக்க வேண்டும்? ஆவியாகிப் போகலாமே?

தோசைக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கல் அளவாகச் சூடாக இருக்கும்போது நீர் தெளித்தால் 'சொய்ங்' என்று சத்தம் போட்டு உடனே ஆவியாகும். கல் மிதமிஞ்சிக் காய்ந்துவிட்டால் நடப்பது வேறு: நீர்த்துளிகள் முத்து முத்தாக உருண்டு ஓடும், சீக்கிரம் ஆவியாகாது. துளிக்கும் கல்லுக்கும் நடுவே மெல்லிய ஆவிப்படலம் உருவாகி, வெப்பம் துளிக்குள் போகவிடாமல் தடுக்கிறது.

எளிதில் வழிந்தோடி, ஆறினால் கருங்கல்லாகும் பசால்ட் வகைப் பாறைக்குழம்பின் சூடு 1,100 முதல் 1,200 டிகிரி. அதோடு நீர் சேரும் கணத்திலும் முதலில் அந்த ஆவிப்படலம்தான் வரும். ஒரு கணம் எல்லாம் அமைதி. ஏதோ ஒரு சிறு அதிர்ச்சி, படலம் கிழிகிறது. நீர் நேரடியாகக் குழம்பைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் குழம்பு சட்டென்று குளிர்ந்து நுண்ணிய துகளாக நொறுங்குகிறது. நொறுங்கினால் பரப்பளவு கூடும். பரப்பளவு கூடினால் இன்னும் அதிக வெப்பம் நீருக்குப் பாயும். அதனால் இன்னும் நொறுங்கும். நொடியின் சிறு பின்னத்தில் இந்தச் சங்கிலி ஓடி முடிந்துவிடும். சாதாரணக் காற்றழுத்தத்தில் நீர் ஆவியானால் அதன் கொள்ளளவு சுமார் 1,700 மடங்கு பெருகும். மண்ணுக்கடியில் அவ்வளவு பெருக இடமேது? அந்த நெருக்கடிதான் வெடிப்பு.

வார்ப்படத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பாடப்புத்தகச் செய்தியல்ல. உருகிய இரும்பை ஈரம் காயாத அச்சில் ஊற்றினால் என்ன ஆகும் என்று அவர்களைக் கேளுங்கள்.

அப்படியானால் பனிக்கட்டி வெடிப்பை மட்டுப்படுத்த வேண்டுமே? உருகவே பாதி வெப்பம் போய்விடாதா?

போகாது. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ நீரை 100 டிகிரி வரை சூடாக்கி முழுக்க ஆவியாக்கச் சுமார் 2,680 கிலோஜூல் வேண்டும். அதையே பனிக்கட்டியிலிருந்து தொடங்கினால் உருக்குவதற்கென்று கூடுதலாக 334 கிலோஜூல். எட்டில் ஒரு பங்குதான் அதிகம். அந்தச் செலவைப் பாறைக்குழம்பு தாங்கிக்கொள்ளும்: ஒரு கிலோ பசால்ட் குழம்பு முழுக்க ஆறி இறுகும்போது விடும் வெப்பம் சுமார் நான்கு கிலோ பனிக்கட்டியை உருக்கப் போதும்.

ஆக, பனிக்கட்டி மாற்றுவது வெப்பக் கணக்கை அல்ல. நீர் எவ்வளவு வேகத்தில், எந்த அளவில் வந்து சேர்கிறது என்பதை.

இங்கே ஒரு சோதனைக்கூட முடிவைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் கென் வோலெட்ஸும் அவருடன் வேலை செய்தவர்களும், பாறைக்குழம்புக்குப் பதிலாக உருகிய தெர்மைட் கலவையை (பற்றவைத்தால் கடும் சூட்டில் உருகும் உலோகப் பொடிக் கலவை) நீரோடு சேர்த்துப் பார்த்தார்கள். நீர் அதிகமாக இருந்தால் வெடிப்பு வலுவிழந்தது; சூடான நீரும் ஈரச் சேறுமாகப் போய்விட்டது. நீர் மிகக் குறைவாக இருந்தாலும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. எடையளவில் குழம்பு மூன்று பங்கு, நீர் ஏறக்குறைய ஒரு பங்கு என்ற சுற்றுவட்டாரத்தில்தான் வெப்பம் மிகத் திறமையாக வெடிசக்தியாக மாறியது.

இயற்கையில் இந்த அளவு நிலைத்து நிற்பது அபூர்வம். கடலிலோ ஏரியிலோ வெடித்தால் நீர் தாராளமாக உள்ளே பாய்ந்து எரிமலையை மூழ்கடிக்கும். சாதாரண நிலத்தடி நீர் என்றால் முதல் சில வெடிப்புகளிலேயே சுற்றியிருப்பது வற்றிவிடும். அப்புறம் குழம்பு சும்மா கொப்பளித்து தெறித்து விழுந்த கசடுக் கற்கள் குவிந்த ஒரு கசடுக் குன்றைக் கட்டிவிட்டு ஓயும். இரண்டுமே ஏதோ ஒரு கட்டத்தில் அளவு தவறுகிற ஏற்பாடு.

உறைந்த நிலமோ கறாரான பலசரக்குக் கடைக்காரர். மூட்டை மூட்டையாகச் சரக்கு இருக்கிறது, ஆனால் அளந்துதான் கொடுப்பார். நூறு மீட்டர் ஆழத்துக்கு நீர் சேமிப்பு. எல்லாம் திடநிலையில், இருந்த இடத்தைவிட்டு நகராமல். உருகிய அளவு மட்டுமே வெடிப்புக்குக் கிடைக்கும். பக்கத்து மண்ணிலிருந்து நீர் ஓடிவந்து குழியை நிரப்பாது, வற்றிப்போகவும் செய்யாது. ஒரு வெடிப்பு சுவரைப் பெயர்த்தால் புதிதாக உறைந்த மண் குழிக்குள் சரியும், அது உருகும், அடுத்த வெடிப்புக்குச் சரக்கு தயார். எஸ்பென்பர்க் பள்ளங்களைப் பற்றி ஜேம்ஸ் பெஜே, டேவிட் ஹாப்கின்ஸ், பால் சாரன் மூவரும் 1996-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் மையக் கருத்து இதுதான்: நீர் சேமிப்பு ஏராளம், வரத்து மட்டும் எப்போதும் குறைவு.

வெடிப்பு தொடங்கி ஏரி ஆகும்வரை என்னவெல்லாம் நடக்கும்?

ஆழத்திலிருந்து பாறைக்குழம்பு செங்குத்தான விரிசல்கள் வழியாகச் சுவர் போல மேலே ஏறுகிறது. ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் அகலமே இருக்கலாம். உறைநிலத்தின் அடிப்பகுதியைத் தொட்டதும் பனி உருகத் தொடங்குகிறது. மேலே இருக்கும் உறைந்த அடுக்கோ நீரும் ஆவியும் எளிதில் ஊடுருவ முடியாத மூடி. அழுத்தம் சேர்கிறது, மூடி உடைகிறது.

முதல் வெடிப்புகள் தொண்டையை, அதாவது குழம்பு வெளியேறும் வழியை, திறப்பவை. அடுத்தடுத்தவை பல ஆழங்களில் நடக்கும். மிக ஆழத்தில் வெடிப்பவை பெரும்பாலும் பாறையை உடைத்துக் கலக்குவதோடு சரி, மேலே தூக்கி எறியும் வலு அவற்றுக்கு இருக்காது. மேல் நூறு இருநூறு மீட்டரில் வெடிப்பவைதான் மண்ணை வெளியே வீசிப் பள்ளம் தோண்டுகின்றன. அடியில் உருவாகும் புனல் வடிவக் குழாயில் உடைந்த பாறையும் குளிர்ந்த குழம்பும் சாம்பலும் கலந்து கிடக்கும்.

சாம்பல் மேலே மட்டும் போவதில்லை. வெடிப்பின் அடிவாரத்திலிருந்து வளையம் வளையமாக, தரையை ஒட்டியபடி, ஆவியும் சாம்பலும் சேர்ந்த சூறைக்காற்று எல்லாத் திசையிலும் பாயும். 1965-ல் பிலிப்பைன்ஸின் தால் எரிமலை வெடித்தபோதுதான் இதை எரிமலையியலாளர்கள் தெளிவாக அடையாளம் கண்டார்கள். அணுகுண்டுச் சோதனைப் படங்களில் அடிமட்டத்தில் விரியும் வளைய மேகம் போலவே அது இருந்தது. மார் பள்ளத்தைச் சுற்றியுள்ள வரப்பு மெல்லிய அடுக்குகளாக, சில இடங்களில் மணல்திட்டு போல் அலையலையாக இருப்பது இதனால்தான்.

இடையில் சுவர்கள் சரிந்துகொண்டே இருக்கும், பள்ளம் அகலும். குழம்பு வரத்து நின்றதும் எல்லாம் ஓயும். அதன் பிறகு பனியும் மழையும் உருகுநீரும் சேர்ந்து ஏரி.

எஸ்பென்பர்க் பள்ளங்கள் எவ்வளவு பெரியவை?

உலகின் மற்ற மார் பள்ளங்கள் பெரும்பாலும் சில நூறு மீட்டரிலிருந்து 2 கிலோமீட்டர் வரை அகலம். எஸ்பென்பர்க்கில் உள்ள நான்கும் 4 முதல் 8 கிலோமீட்டர். பெரியது டெவில் மவுன்டன் மார். சுமார் 8 கிலோமீட்டர் நீளம், 6 கிலோமீட்டர் அகலம். அடுத்து வடக்கு கில்லியாக், தெற்கு கில்லியாக், ஒயிட் ஃபிஷ். பழைய எரிமலைக் குழம்புப் பாறைகளையும் வண்டலையும் அதிகபட்சம் 300 மீட்டர் வரை தோண்டியிருக்கின்றன. வழக்கமாக இந்த அளவு வாய் வேண்டுமென்றால் அடியிலுள்ள குழம்பு அறை காலியாகி மேற்கூரை இடிந்து விழ வேண்டும். அதைக் கால்டெரா என்போம். இங்கே இடிந்து விழ அப்படி ஓர் அறை தேவைப்படவில்லை.

நான்கும் ஒரே நாளில் வந்தவையல்ல. ஒயிட் ஃபிஷ் ஒரு லட்சம் ஆண்டுகளுக்கும் முந்தையது. கடைசியாக வந்த டெவில் மவுன்டன் சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில். அப்போது கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. இன்று அலாஸ்காவையும் ரஷ்யாவையும் பிரிக்கும் பெரிங் நீரிணை இருக்கும் இடத்தில் அன்று தரை. ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்கு நடந்தே போகலாம்.

பனி மட்டுமே காரணமா? வேறு விளக்கமே கிடையாதா?

உண்டு, அதை மறைத்துவிட்டுப் பனியின் பெருமையை மட்டும் பாடுவது சரியில்லை. பள்ளத்தின் அகலம் வெடிப்பின் வலுவை மட்டும் காட்டுவதல்ல. டெவில் மவுன்டன் ஏரியை மேலிருந்து பார்த்தால் ஒரே வட்டமாக இல்லை. இரண்டு பகுதிகளாக, நடுவே மணல்திட்டு குறுக்கிடுகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட தொண்டைகள் அருகருகே திறந்து, பள்ளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்க இடமுண்டு. குழம்பு ஏறிவந்த விரிசலின் நீளவாக்கில் தொண்டை இடம் மாறுவது மார் பள்ளங்களில் சகஜம்.

மண்ணின் தன்மையும் இருக்கிறது. கடினப் பாறையில் தோண்டிய பள்ளம் ஒடுக்கமாக, செங்குத்தாக நிற்கும். இளகிய வண்டலில் தோண்டினால் சுவர் நிற்காமல் சரிந்து அகன்றுவிடும். உறைநிலம் இரண்டும் கெட்டான்: உறைந்திருக்கும்வரை கல், உருகிவிட்டால் களி. வெடிப்பின்போது சுவர் நின்றிருக்கலாம். பிறகு ஏரி நீரின் கதகதப்பில் கரை உருகி ஆண்டுக்கணக்கில் உள்ளே விழுந்துகொண்டே இருக்கும்.

என் கருத்தைக் கேட்டால், இவை எதிரெதிர் விளக்கங்கள் அல்ல. பல தொண்டைகளும் சரிவும் அகலத்தின் ஒரு பகுதியை விளக்கும். ஆனால் ஒரே இடத்தில் நான்கு பள்ளங்கள், பல்லாயிரம் ஆண்டு இடைவெளியில், நான்குமே இந்த அளவில் என்பதைத் தற்செயல் என்று தள்ள மனம் வரவில்லை. நான்குக்கும் பொதுவாக இருந்தது தடித்த உறைநிலம்.

இப்படி ஒரு பள்ளம் உருவாவதை யாராவது நேரில் பார்த்திருக்கிறார்களா?

உறைநிலத்தில் இந்த அளவுக்கு யாரும் பார்த்ததில்லை. ஆனால் மார் பள்ளம் பிறப்பதைப் பார்த்திருக்கிறார்கள், அதுவும் அலாஸ்காவிலேயே. 1977 மார்ச் 30-ல் அலாஸ்கா தீபகற்பத்தில், முன்னர் எரிமலை இருந்த அடையாளமே இல்லாத ஒரு தாழ்ந்த மேட்டில் தரை பிளந்தது. சுமார் 10 நாட்களில் இரண்டு பள்ளங்கள். மேற்குப் பள்ளம் ஏறக்குறைய 170 மீட்டர் அகலம், 35 மீட்டர் ஆழம். கிழக்குப் பள்ளம் 300 மீட்டர் அகலம், 70 மீட்டர் ஆழம். உகின்ரெக் என்று பெயர் வைத்தார்கள். அலாஸ்காவின் பூர்வகுடிகள் பேசும் யூபிக் மொழியில் 'தரையில் இரண்டு ஓட்டை' என்று பொருள்.

பத்தே நாளில் 300 மீட்டர். டெவில் மவுன்டன் அதைவிட அகலத்தில் இருபது மடங்குக்கும் மேல்.

சாம்பலுக்கு அடியில் புல்வெளி கிடைத்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இந்தக் கதை முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த பகுதியும் இதுதான். டெவில் மவுன்டன் வெடித்தபோது சாம்பல் 1,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவி விழுந்தது. பள்ளத்துக்கு அருகே பல மீட்டர் கனம். அடியில் அன்றைய தரை, அதன் மேல் அன்றைய செடிகள். கோடையில் இளகும் மேல்மண் ஓர் அடி, இரண்டு அடிதான் என்று மேலே சொன்னேன் அல்லவா? சாம்பல் அதைவிடக் கனமாக விழுந்த இடங்களில் பழைய தரை இளகும் எல்லைக்குக் கீழே போய்விட்டது. உறைந்தது உறைந்தபடி, 21,000 ஆண்டுகள்.

இன்று அங்கே ஏரிக்கரைகள் உருகிச் சரியும்போது அந்தப் பழைய தரை கோடாகத் தெரிகிறது. நிலவியலாளர்கள் அதற்குக் கிட்லுக் தொல்மண் என்று பெயரிட்டிருக்கிறார்கள். சாம்பலை நீக்கினால் வேரோடு, நின்ற இடத்திலேயே கோரைகளும் சிறு பூண்டுகளும் பாசியும். பனியூழித் தாவரங்களைப் பற்றி வழக்கமாக ஏரிச்சேற்றில் கிடைக்கும் மகரந்தத்தை எண்ணித்தான் ஊகிப்பார்கள். மகரந்தம் காற்றில் எங்கிருந்தோ வரும். எந்தச் செடி எதற்குப் பக்கத்தில் நின்றது என்று சொல்லாது. இங்கே ஒரு புல்வெளியே அப்படியே கிடக்கிறது. மாமூத் யானைகள் எதைத் தின்று வாழ்ந்தன என்ற நெடுநாள் வாக்குவாதத்தில், பெரிங்கியாவில் (பனியூழியில் ஆசியாவையும் அமெரிக்காவையும் இணைத்த நிலப்பரப்பு) வறண்ட புல்வெளி இருந்தது என்பதற்கு இது நேரடிச் சான்றாயிற்று. மேலே சொன்ன கட்டுரையின் மூவரில் ஒருவரான ஹாப்கின்ஸ், அந்த மறைந்த நிலப்பாலத்தை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர்.

வட்ட ஏரி எல்லாமே எரிமலை வாய்தானா?

அப்படி நினைத்தால் ஏமாந்துபோவோம். எஸ்பென்பர்க் சமவெளி முழுக்க வட்டமும் முட்டையுமான ஏரிகள்தான். அவற்றில் பெரும்பாலானவை உறைநிலம் உருகி, தரை அமிழ்ந்து உண்டானவை. ஓரிரு மீட்டரே ஆழம். மார் ஏரிகள் பல பத்து மீட்டர் ஆழம், சுற்றிலும் வெடிப்பில் விழுந்த அடுக்குகள். அந்த அடுக்குகளில் புதுக் குழம்பைவிட உடைந்த பழைய பாறைத் துண்டுகள் நிறைய இருக்கும். மண்ணைப் பெயர்த்து எறிந்த வெடிப்பு என்பதற்கு அதுவே கையெழுத்து.

விண்கல் பள்ளங்களோடும் குழப்பம் வரும். அரிசோனாவில் உள்ள பெரிய பள்ளத்தை 1891-ல் ஆராய்ந்த குரோவ் கார்ல் கில்பர்ட், அந்தக் காலத்தின் தலைசிறந்த நிலவியலாளர்களில் ஒருவர். நீராவி வெடிப்பால் வந்தது என்று முடிவு கட்டினார். அது விண்கல் விழுந்த பள்ளம். நம் நாட்டில் மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள்: 1.8 கிலோமீட்டர் அகலம், சுற்றிலும் தக்காணத்தின் எரிமலைப் பாறை. நெடுங்காலம் அதை எரிமலை வாய் என்றே பலர் எண்ணினார்கள். விண்கல் மோதலின் அதிர்ச்சியில் மட்டுமே உருவாகும் மாஸ்கலினைட் என்ற கண்ணாடி அங்கே கிடைத்த பிறகுதான் வழக்கு முடிந்தது. வடிவத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் கில்பர்ட்டுக்கே அடி சறுக்கும்.

சைபீரியாவில் 2014-ல் தோன்றிய மர்மக் குழியும் இதே வகையா?

இல்லை. யமால் தீபகற்பத்தில் 2014 ஜூலையில் ஹெலிகாப்டரிலிருந்து பார்த்த அந்தக் குழியின் அகலம் 20 மீட்டர் சொச்சம், ஆழம் 50 மீட்டருக்குக் குறையாது. அங்கே பாறைக்குழம்பு இல்லை, சூடும் இல்லை. உறைநிலத்துக்குள் அடைபட்ட மீத்தேன் வாயுவின் அழுத்தம் தாங்காமல் மூடி பெயர்ந்தது. குழியின் அடியில் காற்றை அளந்தபோது மீத்தேன் ஏறக்குறைய 10 சதவீதம் இருந்தது. சாதாரணக் காற்றில் அது மிக மிகச் சொற்பம். சிலர் இதைக் குளிர் எரிமலை என்று அழைக்கிறார்கள். பெயர் கவர்ச்சிதான். ஒன்றுமட்டும் பொது: உறைந்த மண் மூடியாக வேலை செய்து, அழுத்தத்தைச் சேர்த்துவைத்தது.

சைபீரியாவிலேயே உள்ள யாகுத்தியாவின் படகாய்க்கா பள்ளத்தையும் சேர்த்துக் கேட்பார்கள். அது வெடிப்பே இல்லை. காடு அழிந்ததால் உறைநிலம் உருகிச் சரிந்துகொண்டிருக்கும் நிலச்சரிவு.

குழம்பு உறைநிலத்தின் மேலே வழிந்து ஓடினாலும் வெடிக்குமா?

பெரும்பாலும் வெடிக்காது. அதே சூவர்டு தீபகற்பத்தில் இமுருக் எரிமலைப் பகுதியின் லாஸ்ட் ஜிம் குழம்போட்டம் சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன் உறைநிலத்தின் மேல் வழிந்தது. அடியில் பனி உருகித் தரை ஆங்காங்கே அமிழ்ந்து குழம்புப் பாறை குழியும் மேடுமாக ஆனது. பெரிய பள்ளம் எதுவும் வரவில்லை. மேலே இருந்து வெப்பம் மெதுவாக இறங்குகிறது, உண்டாகும் ஆவி ஓரங்களில் தப்பிவிடுகிறது. அடைத்துவைக்க மூடி இல்லையென்றால் வெடிப்பும் இல்லை.

செவ்வாய் கிரகத்தோடு இதற்கு என்ன தொடர்பு?

அங்கே எரிமலைகளும் இருந்தன, மண்ணுக்குள் பனியும் இருக்கிறது. 2008-ல் இறங்கிய ஃபீனிக்ஸ் விண்கலம் சில சென்டிமீட்டர் சுரண்டியதுமே வெள்ளையாகப் பனிக்கட்டியைக் கண்டது. அதபாஸ்கா பள்ளத்தாக்கில் குழம்பு வழிந்த பரப்பின் மேல் நூற்றுக்கணக்கான சிறு வளைய மேடுகள் தெரிகின்றன. குழம்புக்கு அடியில் சிக்கிய ஈரம் ஆவியாகி வெடித்த தடம் என்று விளக்குகிறார்கள். பூமியில் ஒப்பிட்டுப் பார்க்க, குழம்பும் மண்பனியும் மோதிய இடங்கள் வேண்டும். அதனால் கோள் ஆய்வாளர்களுக்கும் எஸ்பென்பர்க் மேல் ஒரு கண்.

உறைநிலம் உருகினால் இந்த எரிமலைகள் விழித்துக்கொள்ளுமா?

பாறைக்குழம்பு பல கிலோமீட்டர் ஆழத்திலிருந்து வருகிறது. மேலே நூறு மீட்டர் மண் உறைந்திருக்கிறதா, இளகியிருக்கிறதா என்பது அதற்குத் தெரியப்போவதில்லை. பெரும் பனிப்பாறைகள் உருகி எடை குறைந்தால் கீழே அழுத்தம் மாறும் என்பது வேறு விஷயம். ஐஸ்லாந்து போன்ற இடங்களுக்கு அது பொருந்தும். உறைநிலம் உருகும்போது அப்படி எடை குறைவதில்லை.

சொல்லப்போனால் நிலைமை தலைகீழ். உறைநிலம் இளகிவிட்டால் நீர் தாராளமாக ஓடும். அளந்து கொடுக்க ஆள் இருக்காது. எதிர்காலத்தில் அங்கே எப்போதாவது குழம்பு மேலே வந்தால், மற்ற ஊர்களில் உள்ளது மாதிரி ஒரு சாதாரண மார் பள்ளமோ கசடுக் குன்றோ வருவதற்கே வாய்ப்பு அதிகம்.

உருகுதலால் உடனடியாகப் போவது வேறொன்று. கரைகள் சரியச் சரிய, சாம்பலுக்கடியில் 21,000 ஆண்டு உறங்கிய அந்தப் புல்வெளி வெளியே வருகிறது. வந்த பிறகு அழுகியும்விடுகிறது.

நேரில் போய்ப் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் பஸ் கிடையாது. பெரிங் நிலப்பாலத் தேசியக் காப்பகத்துக்குள் இருக்கிறது இந்த இடம். உள்ளே போகச் சாலையே இல்லை. கோடையில் நோம் அல்லது காட்ஸபூ ஊரிலிருந்து சிறு விமானம், குளிர்காலத்தில் பனிவண்டி. ஷிஷ்மரெஃப் போன்ற கரையோர ஊர்களின் இனுபியாட் மக்கள் இந்தப் பக்கம் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் காலங்காலமாக வந்துபோகிறார்கள். கோடையில் போகிறவர்கள் கொசுவலைத் தொப்பி இல்லாமல் போக வேண்டாம். கரையில் நின்றால் எரிமலை என்று சொல்ல எதுவும் கண்ணில் படாது. எதிர்க்கரையே தெளிவாகத் தெரியாத ஏரிதான். விமானம் மேலே ஏறித் திரும்பும்போதுதான் அதன் வடிவம் தெரியும். ஜன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.